அக்காவின் பங்கு அரிசி

போன மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில் நடந்தது. என் அக்கா வழக்கம்போல ஒரு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு நம் வயதுதான், ஐம்பதைத் தாண்டியவர். என் பக்கம் குனிந்து, "இன்னாங்க அவங்க, ஒரு மணி நேரமா அந்த ஒரு தட்டையே வச்சிகினு கீறாங்க" என்றார். அவளுக்கு மனசு சம்பந்தமான ஒரு வியாதி உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள் என்றேன். "இதெல்லாம் இப்ப வந்ததுங்க. நம்ம காலத்துல ஏது? போட்டத துன்னோம், எயுந்து போனோம்" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டாம் முறை பிரியாணி வாங்கப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்து நடக்கிற இடம் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடப்போவதில்லை. எண்பதுகளில் என்னோடு பள்ளிக்கூடம் போனவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் காலத்திலும் அந்த வியாதி இருந்தது. எங்கள் வீட்டிலேயே இருந்தது. என்ன, அதற்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம். பக்தி என்று வைத்திருந்தோம்.

எங்கள் வீடு அண்ணனூரில், ரயில் பாதையை ஒட்டி. மின்சார ரயில்கள் வந்து நிற்கும் ஷெட் கூப்பிடு தூரம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை, பின்னால் ஒரு சாமான் அறை, வாசலில் ஒரு அடிபம்பு. அந்தத் தண்ணீரில் இரும்பு வாசனை அடிக்கும். சோறு லேசாகச் சிவந்துதான் இருக்கும். நைனா, அம்மா, அக்கா, நான், அப்புறம் அத்தை. அத்தை நைனாவின் கூடப்பிறந்த அக்கா. புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர். தாயில்லாத நைனாவைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் நைனா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். நைனாவே பேசாத இடத்தில் அம்மா எங்கே பேசுவது. அத்தை தினமும் காலைப் பூசைக்குப் போகிறவர். வீட்டில் என்ன சமைப்பது, யார் எப்போது குளிப்பது என்பது வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பவர் பிரஸ்ஸில் வேலை. தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து அச்சு இறங்கும். கையை எடுக்கும் முன்னால் கால் மிதித்துவிட்டால் விரல் போய்விடும். எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விரல் குறைந்த மாமாக்களைத் தெரியாமல் இருக்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை வைத்தே யார் பிரஸ்ஸில் வேலை செய்கிறவர் என்று எங்களால் சொல்ல முடியும்.

நான் ஐந்தாவது படித்த வருடம் அது. அக்காவுக்குப் பதினாறு. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நைனாவோடு வேலை செய்கிற ஒரு மாமா வீட்டுக்கு வந்தார். வலது கையில் பெரிய கட்டு. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டிருந்தன. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். உட்கார வைத்து இலை போட்டார்கள். இடது கையால் சாப்பிட அவருக்கு வெட்கம். சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நைனாவே பிசைந்து அவருக்கு ஊட்டினார். அந்த மாமா மென்றுகொண்டே அழுதார். பரிமாறிக்கொண்டு நின்றது அக்காதான். குழம்புக் கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

அந்த வாரத்திலிருந்து ஆரம்பித்தது. தட்டை அடிபம்பில் ஏழு முறை கழுவுவாள். ஒவ்வொரு வாயையும் இருபத்தோரு முறை மெல்லுவாள். எண்ணும்போது யாராவது பேசினால் அந்த வாய் கெட்டுப்போயிற்று. துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, தட்டை மறுபடி கழுவி, புதுச்சோறு போட்டு முதலிலிருந்து. ரயில் ஹாரன் அடித்தாலும் கெட்டது. அண்ணனூரில் ஹாரன் அடிக்காத நேரம் எது, சொல்லுங்கள். ஷெட்டுக்குள் போகிற வண்டி, வெளியே வருகிற வண்டி, திருவள்ளூர் வண்டி, நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ். எங்களுக்கெல்லாம் பழகிப்போய்க் காதிலேயே விழாத சத்தம் அது. அவள் ஒவ்வொன்றுக்கும் துப்பினாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சாமான் அறையில் போய் உட்கார்ந்து பார்த்தாள். ஹாரன் சுவர் வழியாகவும் வந்தது.

இதை நன்றாகக் கேளுங்கள். அவளுக்குப் பசித்தது. ஒல்லியாக வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. எங்கள் அக்கா சாப்பாட்டு ராமி. பிரெட்டை டீயில் முக்கி ஒரு பாக்கெட்டை ஒரே உட்காரலில் காலி பண்ணுகிறவள். அப்படிப்பட்டவள் நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என் தட்டையே பார்ப்பாள். "நல்லா கீதா? புளி தூக்கலா கீதா?" என்று கேட்பாள். நான் ஆமாம் என்றால் எச்சிலை முழுங்குவாள்.

ஒருநாள் சாமான் அறையில் அவள் துப்புவதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா துப்புற?"

"எண்ணிக்க தப்பிப் போச்சு பாப்பா."

"தப்பிப் போனா இன்னா?"

அவள் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஒழுங்கா எண்ணாம முயுங்குனா நைனா கை மெஷின்ல பூடும்."

"நீ இங்க துன்னா அங்க எப்டிக்கா பூடும்?"

"பூடாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா பூட்டா?"

இத்தனை வருடம் எத்தனையோ டாக்டர்களிடம் உட்கார்ந்த பிறகு சொல்கிறேன், அந்த வியாதியை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்குள் சாம்பல் புதன் வந்துவிட்டது. தவக்காலம். கோயிலுக்குப் போகாத வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பாஸ்கா திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தைய நாற்பது நாள். பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள், அதாவது ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி மீன் கிடையாது. இன்னொரு வழக்கமும் உண்டு, பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு டின்னில் போட்டு வைத்து, ஏழைகளுக்காகக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அது பழைய பிஸ்கட் டின். மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி படம், மூக்கு மட்டும் துருப்பிடித்து.

அக்கா சாப்பிடாததை வீட்டில் கவனித்தார்கள். கவனிக்காமல் எப்படி இருப்பார்கள். ஆனால் தவக்காலத்தில் சாப்பிடாத பிள்ளையைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. "கொயந்த ஒருசந்தி கீது" என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. அக்காவின் கழுத்தெலும்பு தாவணிக்கு மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. அதனால் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து, இரண்டாவது வாரம் அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா எண்ணுவது, துப்புவது, ஒழுங்காக எண்ணாமல் சாப்பிட்டால் நைனாவின் கை மெஷினில் போய்விடும் என்று பயப்படுவது, ஒன்று விடாமல் சொன்னேன்.

அத்தை அழுதார். சந்தோஷத்தில் அழுதார். "அப்பனுக்காவ ஒப்புக்குடுத்துகினு கீதுடி எங்கொயந்த. ஒரு வார்த்த வெளிய சொல்லாம இத்தினி நாளு" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான், "இல்லத்த, அவளுக்குப் பசிக்குது, பயந்துகினு துப்புறா" என்றேன். "பசி இல்லாம அது இன்னா ஒருசந்தி?" என்றார் அத்தை.

அவர் உபதேசியாரிடம் சொன்னார். உபதேசியார் சாமியாரிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் சாமியார் பீடத்துக்கு முன்னால் நின்று, நம் பங்குக் கோயிலில் ஒரு சின்னப் பெண் தகப்பனுடைய கையைக் காப்பாற்ற உணவைத் துறந்திருக்கிறாள், பெரியவர்களே, உங்களால் ஒரு வேளை காப்பியை விட முடிகிறதா என்று கேட்டார். எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்துக் கைதட்டினார்கள். வயது நிரம்பாதவர்களுக்கு ஒருசந்தி கடமையே இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருசந்தி கிடையாது என்பது அத்தைக்கும் தெரியும், அக்கா ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடவில்லை என்பதும் தெரியும். படித்த சாமியார், ஜெபமாலை தேய்ந்த அத்தை, வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், இத்தனை பேரில் ஒருவருக்காவது கணக்கு உதைக்கவில்லை. உதைத்திருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு புனிதை கிடைத்த குஷியில் இருந்தார்கள்.

நானும் யோக்கியமில்லை. அடுத்த வாரமே என்னைப் பவனியில் முன்வரிசையில் மெழுகுவர்த்தி பிடிக்க விட்டார்கள், அந்தப் பெண்ணின் தங்கை என்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அத்தையிடம் "அவளுக்குப் பசிக்குது" என்று நான் மறுபடி சொல்லவே இல்லை. அக்கா தொடாமல் வைக்கிற முட்டையையும் நான்தான் தின்றேன்.

அப்போதுதான் அத்தை அந்த வேலையைச் செய்தார். அம்மா உலைக்கு அரிசி அளக்கும்போது பக்கத்தில் நின்று, அக்காவின் பங்கு முழுவதையும், ஒரு பிடியல்ல, முழுப் பங்கையும், அளந்து அந்தப் பிஸ்கட் டின்னில் போட ஆரம்பித்தார். "அது துன்னாம உட்டது ஏழைக்குப் போனாத்தான் பலன்" என்றார். அம்மா, "ஒருவேள கொயந்த கேட்டா இன்னா பண்றது அண்ணி" என்று ஒரு தடவை கேட்டாள். "கேக்காது" என்றார் அத்தை.

ஒருநாள் கேட்டாள்.

அன்று மாலை ஆவடிப் பக்கம் மேலே போகிற மின்கம்பி அறுந்து ரயில் ஓடவில்லை. ஐந்து மணியிலிருந்து ஒரு ஹாரன் கிடையாது. ஊரே என்னமோபோல் இருந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டைக் கழுவிக்கொண்டு சாமான் அறைக்குப் போனாள். அம்மா தன் பங்கிலிருந்து கொஞ்சம் சோறும் ரசமும் கொண்டுபோய் வைத்தாள். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது. தட்டு முழுவதும் தின்றுவிட்டாள். விரல் விரலாக நக்கினாள். எழுந்து அடுப்படிக்கு வந்து தட்டை நீட்டினாள்.

"ம்மா, இன்னும் கொஞ்சம் சோறு கீதா?"

பானையில் நைனாவின் பங்கு மட்டும்தான் இருந்தது. அதை அக்கா தொடமாட்டாள், கொன்றாலும் தொடமாட்டாள். அம்மா அரிசி டப்பாவைத் திறந்தாள், அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரேஷன் வர இன்னும் மூன்று நாள். அம்மா பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்து படியில் கொஞ்சம் அரிசியை எடுத்துவிட்டாள்.

"அது கோயில் அரிசி. கை வெக்காத" என்று வாசலிலிருந்தே சொன்னார் அத்தை.

"பத்து நிமிசத்துல வடிச்சிடுவேன் அண்ணி. கொயந்த வாய்விட்டுக் கேக்குது."

"இது சோதனமா" என்று அத்தை அக்காவிடம் வந்து தலையைத் தடவினார். "முப்பது நாளு தாங்குன. இன்னும் பத்து நாளு. தண்ணி குட்ச்சிட்டு படுத்துக்கோ."

அம்மா அந்தப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அரிசியைத் திரும்ப டின்னிலேயே கொட்டினாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அக்கா தட்டை வைத்துவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் கம்பியைச் சரிசெய்து, நின்றிருந்த வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. அதற்குப் பிறகு அவள் சோறு வேண்டும் என்று கேட்கவில்லை.

பாஸ்காவுக்கு அத்தை ஆட்டுக்கறி எடுத்துவரச் சொன்னார். அக்காவுக்குத்தான் முதல் தட்டு. அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒருசந்தி முடிஞ்சுபோச்சு கண்ணு, துன்னு" என்றார் அத்தை. அவள் ஒரு வாய் எடுத்தாள், மென்றாள், ஹாரன் அடித்தது, துப்பினாள். பண்டிகைக் கறியை எல்லார் முன்னாலும் துப்பினாள். அத்தையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாற்பது நாள் புனிதையாக இருந்தவள் ஒரே வாயில் திமிர் பிடித்தவளாகிவிட்டாள். "கோயில்ல பேர் சொன்னதும் தலைக்கேறிப் போச்சு" என்றார். வியாதி அதேதான். சாப்பிடாத வாயும் அதேதான். காலண்டரில் தேதி மாறியது, அவ்வளவுதான்.

நைனா எங்களை அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே அப்போது எடை பார்க்கிற மெஷின் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஏறி நின்றால் கலர் விளக்குகள் சுற்றும், காசு போட்டால் டிக்கெட் மாதிரி ஒரு சின்ன அட்டை விழும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். கிறிஸ்துமஸ் சமயத்தில் விளையாட்டாக ஏறியபோது அக்கா நாற்பத்தி நான்கு கிலோ. இப்போது முப்பத்தி ஒன்று. நைனா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நீங்கள் எல்லோராலும் விரும்பப்படுகிறீர்கள் என்று போட்டிருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு அழைத்துவந்தார்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, வயிற்றில் பூச்சி என்றார். ஒரு பாட்டில் டானிக்கும் எழுதினார். நாங்கள் எழுந்தபோது நைனாவை மட்டும் நிறுத்தி, "வயசுப் பொண்ணு, எவனையாவது மனசுல வெச்சிகினு கீதா விசாரிங்க" என்றாராம். ஒரு பெண் சாப்பிடவில்லை என்றால் ஒன்று கடவுள், இல்லையென்றால் ஒருவன். நம் காலத்து மூளைக்கு மூன்றாவதாக ஒன்று எட்டவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும். அத்தை முடிவு செய்தார், நைனா ஒத்துக்கொண்டார், ஊட்டிவிடுவது என்று. அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை மூக்கைப் பிடித்தார். என்னைக் காலைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அவள் பாதம் சில்லென்று இருந்தது, சித்திரை வெயிலில். நைனா தயிர்ச்சோற்றைப் பிசைந்து அவள் வாய்க்குள் திணித்தார். அவள் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். "துன்னுமா. நைனா சொல்றேன் துன்னுமா" என்று அழுதுகொண்டேதான் திணித்தார். அவள் பல்லை இறுக்கினாள். நைனா கத்தினார். ஆள்காட்டி விரலில் எலும்பு தெரிகிற அளவுக்குப் பல் பதிந்துவிட்டது.

சோறெல்லாம் ரத்தம். எந்தக் கைக்காக மூன்று மாதம் பட்டினி கிடந்தாளோ அந்தக் கை. அக்கா அதைப் பார்த்தாள். அன்றிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் அடிபம்படியில் விழுந்து கிடந்தாள்.

அம்மா யாரையும் கேட்காமல் முதல் ரயிலில் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நைனா விரலில் கட்டோடு பின்னால் ஓடிவந்தார். என்னை விட்டுவிட்டு வர நேரமில்லாமல் நானும் கூடப் போனேன். இரண்டு நாள் பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாவது நாள் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சாப்பிட்டா என்ன ஆயிடும்னு பயமா இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். ஏன் சாப்பிடவில்லை என்று உலகமே கேட்டிருந்தது. பயமா என்று யாரும் கேட்கவில்லை. அக்கா பேச ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். ஏழு, இருபத்தொன்று, ஹாரன், மெஷின், எல்லாம். நைனா கட்டில் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில் அவர் கேட்டது ஒருசந்திக் கதை மட்டும்தான், பயத்தைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் முடித்ததும், "இத்த எங்கையில சொல்லலியேம்மா" என்றார்.

"உங்கையில சொன்னா நடந்துடும்னு பயமா இருந்துச்சு நைனா."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நான் சொன்னேன்" என்று கத்தினேன். "அத்த கையில சொன்னேன். அவளுக்குப் பசிக்குதுன்னு சொன்னேன். நீங்க எல்லாம் கோயில்ல கைதட்டினீங்க." வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நைனா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இது திமிருமில்லை, பக்தியுமில்லை, வியாதி என்று டாக்டரம்மா சொன்னார். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் பெயர் இருப்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மாத்திரை கொடுத்தார். பயம் வரும்போது எண்ணாமல் விழுங்கிப் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு வாய், அப்புறம் இரண்டு வாய் என்று சொல்லிக்கொடுத்தார். எங்களிடம், "அவ சாப்பிடும்போது யாரும் பார்க்காதீங்க, புகழாதீங்க, திட்டாதீங்க. 'ஒண்ணும் ஆகாது'ன்னு சத்தியமும் பண்ணாதீங்க. சோறு மட்டும் போடுங்க" என்றார். இதைவிடச் சுலபமான வேலையை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க முடியாது. எங்கள் சொந்தக்காரர்களால் அதைச் செய்ய முடியவில்லை.

அந்தக் கோபத்தையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். தொண்ணூறுகளில் அவளுக்கு மாத்திரையை மாற்றினார்கள். பயம் குறைந்தது, உடம்பு ஏறியது. மாத்திரையால் பசி கூடும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். இரண்டே வருடத்தில் எண்பது கிலோ. "இன்னாம்மா இப்டி ஊதிட்ட, நீயா ஒருசந்தி இர்ந்தவ?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். முப்பத்தொரு கிலோவில் கும்பிட்டவர்கள் எண்பது கிலோவில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அவள் இரண்டு தடவை மாத்திரையை நிறுத்தினாள். இரண்டு தடவையும் எண்ணிக்கை திரும்பி வந்தது, எடை மளமளவென்று இறங்கியது, மறுபடி ஆஸ்பத்திரி. அவள் உடம்பு ஏறி இறங்கியதை ஊரே பார்த்தது. அவள் மனசு பட்ட பாட்டை எத்தனை பேர் கேட்டீர்கள்? இப்போது வீட்டில் எடை மெஷின் கிடையாது, வைத்தால் அதையும் எண்ண ஆரம்பித்துவிடுவாள். டாக்டரிடம் போகும்போது மாதம் ஒரு தடவை ஏறுவாள், எண்ணை அவர் எழுதிக்கொள்வார், அவளிடம் சொல்லமாட்டார். சாயங்காலம் நானும் அவளும் நடக்கிறோம். ஒரு வேளைச் சோற்றுக்கு இன்னமும் முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

அந்தக் கோடைக்கே வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை. அத்தை காலையில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது உபதேசியாரையும் பத்துப் பன்னிரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பெரிய மெழுகுவர்த்தி, மாலை. அக்கா பிழைத்ததும் நைனாவின் விரல் தப்பியதும் ஆண்டவர் செய்த புதுமை, அற்புதம் என்று கோயிலில் பேசிக்கொண்டார்களாம். நன்றி ஜெபம் சொல்லி, அக்காவை நடுவில் உட்கார வைத்து மாலை போட வேண்டுமாம். நைனா தலையைச் சொறிந்துகொண்டு, "வர்சொல்லு" என்பதுபோல் அம்மாவைப் பார்த்தார்.

அக்கா அடுப்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சோறும் கீரையும். மூன்றாவது வாயோ நான்காவது வாயோ. அம்மா பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

"எம்பொண்ணு சாப்டுகினு கீறா. அப்பால வாங்க."

அத்தைக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "கோயில்லேர்ந்து வந்து கீறாங்க. இன்னா பேசற நீ? வயி உடு."

அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அத்தையும் வெளியேதான் இருந்தார். நைனா எழுந்தார், அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாழ்ப்பாளை இரண்டு மாதத்துக்கு முன்னால் போட்டிருக்கக் கூடாதா அம்மா என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, கல்லறையில் பூ வைக்கும்போதும் அது இருக்கிறது. ஆனால் போட்டாள். எங்கள் வீட்டில் வேறு யாரும் போடவில்லை.

அவர்கள் போகவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு யாரோ ஆரம்பிக்க, எல்லாருமாகச் சேர்ந்து தோத்திரப் பாட்டு பாடத் தொடங்கினார்கள். கதவு ஒன்றும் தடுக்கவில்லை, வீடு முழுக்கக் கேட்டது. அக்காவின் வாய் நின்றுவிட்டது. கன்னம் உப்பி, மென்றது பாதியில் நின்று, கண் மட்டும் அம்மாவைத் தேடியது. அவள் சட்டப்படி அந்த வாய் கெட்டுப்போன வாய். துப்பக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. துன்னு என்று சொல்லவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கண்ணைத் திறந்து நைனாவின் கையைப் பார்த்தாள். அடுத்த வாயை எடுத்தாள். வெளியே அவர்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள்.